ஊர் திரும்பிய பிறகுதான் வகுப்பு

"ஒரு வாரம் வெளிநாடு போயிட்டு வந்து புள்ளைங்க என்னத்த சார் படிச்சிடும்?"

டெய்ரி ஃபார்ம் டீக்கடையில் ஒருவர் கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை. பதினோராம் வகுப்பில் மகள் படிக்கிறாள். வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நம் அந்தமான் தீவிலிருந்து கிளம்புவதென்றால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போய்ச் சேருவதே ஒரு பயணம். அதற்கு மேல் பாஸ்போர்ட், விசா, குளிருக்குச் சட்டை, கைச்செலவு. இத்தனையும் செய்து அனுப்பிய பிள்ளை திரும்பி வந்து, "நல்லா இருந்துச்சுப்பா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், போட்ட காசுக்கு என்ன கணக்கு என்பதுதான் அவருடைய கவலை.

நியாயமான கவலை. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டியது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரத்தில் பிள்ளை அதிகம் படிக்காது, அது உண்மை. பாதிப் பாடம் ஊர் திரும்பிய பிறகுதான் நடக்கிறது. முதல் பாதிக்கு டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு என்று பைசா கணக்காகத் திட்டம் போடுகிறோம். இரண்டாம் பாதிக்கு ஒரு மணி நேரம்கூட யாரும் ஒதுக்குவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பயணங்கள் இப்போது வசதிபடைத்த பள்ளிகளின் சமாசாரம் மட்டும் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பள்ளிக்கல்வித் துறை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துப் போனது. இணையவழி வினாடி வினாவில் வென்ற பிள்ளைகள் அவர்கள். அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் கூடப் போக, ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்து வந்தார்கள். 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தின் 'ஸ்கவுட்' பிரிவில் கல்லூரி மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனார்கள். ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-இல் தொடங்கிய சகுரா திட்டத்தில் 2016 முதல் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். ஆய்வுக்கூடம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் என்று அதுவும் ஏறக்குறைய ஒரு வாரம்தான்.

நம் தீவுக்கும் வெளிநாடு முன்புபோலத் தூரமில்லை. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து முதல் நேரடி விமானம் நம் லம்பாலைன் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. வரைபடத்தில் அளந்து பாருங்கள்: இங்கிருந்து சென்னை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் கோலாலம்பூரும் இருக்கிறது.

ஆக, போவது சுலபமாகிக்கொண்டே வருகிறது. அங்கே தங்கும் பொழுதோ குறைந்துகொண்டே வருகிறது. கூட்டாக மாணவர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு தொடக்கம் சொல்வார்கள். 1923 ஜூலையில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் எட்டுப் பேர், ரேமண்ட் கிர்க்பிரைடு என்ற பேராசிரியருடன் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். கிர்க்பிரைடு முதல் உலகப் போரில் பங்கெடுத்துத் திரும்பியவர். அடுத்த நாட்டுக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவன் அவன்மேல் சுலபத்தில் துப்பாக்கி தூக்கமாட்டான் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையில் பலருக்கும் இருந்தது. அந்த எட்டுப் பேரும் முதலில் நான்சி நகரில் பிரெஞ்சு மொழியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பாரிசுக்குப் போய்ப் படித்தார்கள். கல்வியாண்டு முழுவதும் அங்கேயே கழிந்தது. அந்த ஓராண்டுதான் நூறு ஆண்டுகளில் ஒரு வாரமாகச் சுருங்கி நம் பள்ளி வாசலுக்கு வந்திருக்கிறது.

சுருங்கியதில் தப்பில்லை. ஓராண்டு என்றால் நம்மில் யாரால் அனுப்ப முடியும்? ஆனால் ஓராண்டு தங்கியவருக்குப் பார்த்ததை அசைபோடவும், தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்திக்கொள்ளவும் அங்கேயே நேரம் கிடைத்தது. ஒரு வாரக்காரருக்கு அந்த நேரம் அங்கே கிடையாது. இங்கேதான் கொடுக்க வேண்டும். மீன் பிடிபடுவது கடலில் என்றாலும் அது சாப்பாடாவது கரையில்தானே. கூடையை அப்படியே வைத்துவிட்டால் மறுநாள் என்ன ஆகும் என்பதை ஜங்கிலிகாட் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீவுக்காரர்களான நமக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. விமானம் எல்லாருக்கும் எட்டாத காலத்தில் மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்புவதென்றால் கப்பல்தான். சென்னையில் ஏறினால் ஹாடோ துறைமுகத்தில் இறங்க மூன்று நாள். பங்க் கிளாஸில் படுக்கை, மேல்தளத்தில் காற்று, வேறு வேலையே கிடையாது. பார்த்ததைப் பேசித்தான் ஆக வேண்டும். "அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது இதுதானே?" "தங்கச்சி வீட்டில் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ?" ஹாடோவில் இறங்கும்போது ஊரில் யாரிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று ஓர் ஒழுங்கு வந்திருக்கும். இப்போது விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அதிலும் பாதித் தூக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மாணவர்கள் கப்பல் கப்பலாகப் போய்வந்தபோது இதைச் சிலர் கவனித்தார்கள். 1947-இல் அமெரிக்காவில் அமைந்த மாணவர் பயணக் கழகம் கப்பல் தளத்திலேயே வகுப்பு நடத்தியது. போகும் நாட்டைப் பற்றிப் பேச்சு, மொழிப் பயிற்சி, விவாதம். கடலில் கழியும் நாள்களையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஜெட் விமானம் வந்தது, கடல்நாள்கள் போயின. அந்த நாள்களில் தானாக நடந்துகொண்டிருந்த காரியத்தை இனி நாமே உட்கார்ந்து நடத்த வேண்டும். பயணம் நடத்துவோர் பலர் அதைச் செய்வதில்லை.

சரி, கடைசி நாளிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான சுற்றுலாக்களின் கடைசி நாள் எப்படிப் போகிறது? காலையில் பெட்டி கட்டுவது, மதியம் கடைவீதி, சாயங்காலம் விமான நிலையத்தில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, எடை கூடிய பெட்டியைத் திறந்து சாக்லேட்டை எடுத்துக் கைப்பையில் திணிப்பது. இதில் என்ன குறை என்று கேட்கலாம்.

டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விளக்கம் தருகிறது. மாணவர்களை 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதோடு இன்னும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீரின் குளிர் மெல்ல ஒரு டிகிரி குறையும். மூன்றாவதாக எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டால், குறைந்த நேரத்தைத்தானே கேட்க வேண்டும்? பெரும்பாலோர் நீண்ட நேரத்தைக் கேட்டார்கள். மொத்தத்தில் கூடுதல் அவதிதான். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் நினைவு அதையே நல்லதாகப் பதிந்துகொண்டது. ஓர் அனுபவத்தை நாம் நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிப் பார்த்து நினைவில் வைப்பதில்லை. உச்சமான தருணமும் கடைசித் தருணமும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடுகின்றன.

இதைப் பயணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உச்சம் என்னவோ அதிவேக ரயில், உயரமான கட்டடம், முதல் பனி என்று தானாகவே அமைந்துவிடும். முடிவை அமைப்பது நம் கையில் இருக்கிறது. கடைசி மாலையில் இரண்டு மணி நேரம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, போனை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் இந்த வாரத்தில் தனக்குப் புரியாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று வைத்தால், பயணத்தின் கடைசிப் பதிவு அதுவாகிவிடும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

புரியாமல் போனது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். "எது பிடித்தது?" என்று கேட்டால் எல்லாரும் ரயிலையும் ஐஸ்கிரீமையும் சொல்வார்கள். "எது புரியவில்லை?" என்றால் ஒருத்தி, "நாம பேசும்போது அவங்க சிரிச்சிட்டே இருந்தாங்க, ஆனா பதில் சொல்லல, ஏன்?" என்பாள். இன்னொருவன், "ரயில்ல ஒருத்தரும் போன்ல சத்தமா பேசல, யார் சொல்லி நிறுத்தினாங்க?" என்பான். அந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டு விமானம் ஏறினால் பாடம் தொடர்கிறது.

"போட்டோ எடுத்திருப்பாங்களே சார். ஆயிரம் போட்டோ இருக்குமே."

இருக்கும். ஆனால் அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் அனுப்பினார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் வேண்டும், சிலவற்றைப் படம் எடுக்க வேண்டும். மறுநாள் கேட்டபோது படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது. 2014-இல் வந்த ஆய்வு இது. அதிலேயே இன்னொரு முடிவும் உண்டு: பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் பார்த்துப் படமெடுத்தவர்களுக்கு நினைவு அப்படிக் குறையவில்லை. ஆகவே படம் எடுக்காதே என்று பிள்ளையைத் தடுக்க வேண்டாம். "கோபுரத்தை எடுத்தது போதும், அந்தக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பலாம்.

திரும்பி வந்த பிறகு அந்த ஆயிரம் படங்களையும் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் எதுவும் உறைப்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய்களைப் பற்றியும் சிறு பத்திகள் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு முறை பத்தியை மறுபடி படிக்க வைத்தார்கள். இன்னொரு முறை பத்தியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததுதான் மேல்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். மறுபடி படித்ததில் 42 சதவீதம் நின்றது. நினைவிலிருந்து எழுதியதில் 56 சதவீதம் நின்றது. எதை நாமே தேடி எடுத்துச் சொல்கிறோமோ அது தங்குகிறது.

அப்படியென்றால் பயணம் போய் வந்த பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு, உட்கார்ந்து கேட்பது. பாட்டியிடம் ஒரு முறை, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு முறை, வகுப்பில் ஒரு முறை. படங்களைக் காட்டாமல் வாயால் சொல்ல வேண்டும். பாட்டி, "அங்க கோயில் உண்டா? தண்ணி எங்கருந்து வருது? பொம்பளைங்க ராத்திரி தனியா நடக்குறாங்களா?" என்று கேட்பாள். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத கேள்விகள் அவை. பதில் தெரியாதபோதுதான் பிள்ளைக்குத் தான் எதைப் பார்க்காமல் வந்தோம் என்பது தெரியும்.

ஆனால் சொல்லச் சொல்ல ஒரு கெடுதலும் சேர்ந்தே நடக்கும். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்ல வைத்தார். 1932-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னபோது கதை சுருங்கியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. மரத்தைக் குடைந்த ஓடம் சாதாரணப் படகாக மாறியது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் பழக்கமான வடிவத்துக்குக் கதை தானாக வழுக்கி வந்துவிட்டது.

வெளிநாடு போய் வந்தவர் கதையும் இப்படித்தான் வழுக்கும். முதல் தடவை தயங்கித் தயங்கிச் சொன்னது, பத்தாவது தடவை, "அங்கெல்லாம் எல்லாம் சுத்தம், நம்மாளுங்க மோசம்" என்று மழமழவென்று ஆகிவிடும். கேட்பவர்களுக்கும் அது இனிக்கும். பத்தாவது தடவை சொல்வதுதான் ஊரில் நிலைக்கும். முதல் தடவைத் தயக்கத்தில்தான் உண்மை அதிகம்.

அந்தமான்காரர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்க வேண்டும். ஐந்து நாளில் நம் தீவைப் பார்த்து முடித்துவிட்டுப் போகிறவர்களை வருடம் முழுக்கப் பார்க்கிறோம். செல்லுலார் சிறை, ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை, ஒரு நீல் தீவு. ஊர் போய், "அந்தமான்ல தண்ணி கண்ணாடி மாதிரி, மனுஷங்க ரொம்ப அமைதி" என்று சொல்வார்கள். டெய்ரி ஃபார்மை அவர்கள் பார்க்கவில்லை. காலையில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருவதைப் பார்க்கவில்லை. கப்பல் இரண்டு நாள் தாமதமானால் காய்கறி விலை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னது பொய்யில்லை, போதாது. நம் பிள்ளை டோக்கியோவையோ துபாயையோ பற்றிச் சொல்வதும் அந்த அளவுதான் என்பதை அவளுக்கு நினைவுபடுத்த நம்மைவிடப் பொருத்தமான ஆள்கள் கிடையாது.

"வந்தப்புறம் ஒரு மாதிரி மூஞ்சைத் தூக்கி வச்சிக்குதுங்களே, அது ஏன்?"

அதற்கும் ஆராய்ச்சி உண்டு. நார்வேயைச் சேர்ந்த சுவெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் பேசி 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். முதலில் குதூகலம், பிறகு சரிவு, பிறகு ஏற்றம். 1963-இல் கல்லஹார்ன் தம்பதி இதை நீட்டினார்கள்: ஊர் திரும்பியதும் அதே சரிவு இன்னொரு முறை வருகிறது. புது இடத்தில் தடுமாறுவோம் என்று எதிர்பார்த்துப் போகிறோம். சொந்த ஊரில் தடுமாறுவோம் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் இரண்டாவது அதிகமாக உறுத்தும்.

பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாருக்கும் இந்த வளைவு பொருந்துவதில்லை என்று காட்டின. ஒரு வாரப் பயணத்துக்கு இதை அப்படியே ஒட்ட வைக்கவும் கூடாது. ஒரு வாரம் போனவர் முதல் குதூகலத்தின் உச்சியிலேயே திரும்பிவிடுகிறார். அங்கே சலிப்பு வருவதற்குள் விமானம் ஏறியாயிற்று. அதனால் அவருக்கு அந்த நாட்டின் தேன்நிலவு மட்டும்தான் தெரியும். நம் தெருவின் பதினாறு வருடமும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் நம் தெரு தோற்கத்தான் செய்யும். பிள்ளை மூஞ்சைத் தூக்கினால், "வெளிநாடு போயிட்டு வந்த திமிர்" என்று ஏச வேண்டாம். ஒப்பீடு எங்கே சரியில்லை என்று சேர்ந்து பார்க்கலாம்.

எப்படிப் பார்ப்பது? குப்பையையே எடுத்துக்கொள்வோம். ஜப்பான் போய் வந்த எல்லாரும் சொல்வது, "தெருவுல ஒரு காகிதம் கிடையாது." அதோடு விட்டால் அது வியப்பு. "யார் கூட்டுகிறார்கள்?" என்று கேட்டால் பாடம் தொடங்கும். அங்கே தெருவில் குப்பைத் தொட்டியே அதிகம் கிடையாது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். கையில் இருக்கும் குப்பையை வீடுவரை கொண்டு போக வேண்டும். வீட்டில் வகை பிரித்து, வகைக்கு ஒரு நாள் என்று வைக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். ஆக அது ஜப்பானியர் ரத்தத்தில் ஊறிய குணம் என்று கையைக் கழுவ முடியாது. பழக்கம், விதி, நேர அட்டவணை மூன்றும் சேர்ந்த ஏற்பாடு.

இப்போது அந்தக் கேள்வியை நம் ஊருக்குத் திருப்புங்கள். தீவுக்கு வரும் பிளாஸ்டிக் அத்தனையும் கப்பலிலோ விமானத்திலோ வருகிறது. வருவதற்கு வழி இருக்கிறது, திரும்பிப் போக? டெய்ரி ஃபார்மில் காலையில் வண்டியில் ஏறும் குப்பை புரூக்ஷாபாத் கிடங்கில் போய் என்ன ஆகிறது என்று மகளும் அவள் வகுப்புத் தோழிகளும் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், ஜப்பான் பயணத்தின் இரண்டாம் பாதி அன்றைக்கு நடந்தது என்று அர்த்தம். அந்த வகுப்புக்கு விசா தேவையில்லை. போகாத பிள்ளைகளும் அதில் சேரலாம்.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் யாரும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. தெற்கு அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் ஏறிய கடல்நீர் இறங்கவே இல்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகள் அதை ஏதோ பழைய காயல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் ஹிரோ என்று ஒரு கடலோரக் கிராமம் இருந்தது. 1854-இல் பெரும் நிலநடுக்கம் வந்து கடல் ஏறியபோது, ஹமகுச்சி கோர்யோ என்பவர் நெற்கதிர்ப் போர்களுக்குத் தீ வைத்து, இருட்டில் தவித்தவர்களுக்கு மேட்டுக்கு வழி காட்டினார். கதை அதோடு நிற்கவில்லை. பிழைத்தவர்களுக்கு வேலை கொடுத்துத் தன் பணத்தில் நாலு வருடத்தில் ஒரு கரை எழுப்பினார். 1946-இல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. பழைய ஜப்பானிய நாள்காட்டிப்படி அந்தச் சம்பவம் பதினோராம் மாதம் ஐந்தாம் நாள்; அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

அதற்கு மறு வருடம், 2016-இல், ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் குரோஷியோ என்ற ஊரில் பல நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார்கள். அவர்கள் சுற்றிப் பார்த்ததோடு கலையவில்லை. முடிவில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பிரகடனம் எழுதினார்கள். ஊர் திரும்பி என்ன செய்யப் போகிறோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பது பயணத்தை முடிப்பதற்கு நல்ல வழி. திரும்பிய பிறகு நாம் அந்தக் காகிதத்தைக் காட்டி, "என்ன ஆச்சு?" என்று கேட்க முடியும்.

அப்படி ஒரு பயணம் போன அந்தமான் பிள்ளை ஊர் திரும்பிச் சிப்பிகாட்டில் நின்று, 2004-ஐப் பார்த்த ஒரு பெரியவரிடம், "அன்னைக்குக் காலைல நீங்க எங்க நின்னீங்க? எந்தப் பக்கம் ஓடினீங்க? யார் சொன்னாங்க?" என்று கேட்டு எழுதி வைத்தால், அதைவிடப் பெரிய படிப்பு அந்த வாரத்தில் கிடையாது. ஹிரோவுக்குப் போகாமலே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். ஆனால் நாம் யாரும் கேட்கவில்லை. வெளியே போய்ப் பார்க்கும்போதுதான் வீட்டில் எதைக் கேட்காமல் விட்டோம் என்பது உறைக்கிறது. பயணம் கொடுக்கும் லாபத்தில் இது முக்கியமானது.

டீக்கடையில் அவர் கேட்ட கணக்குக்கு வருகிறேன். பிள்ளையை அனுப்பலாம். அனுப்பும் முன் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள். பயண நிரலை நீட்டுவார்கள்: முதல் நாள் புறப்பாடு, ஏழாம் நாள் வருகை. "ஏழாம் நாளுக்கு அப்புறம் என்ன சார்?" என்று கேளுங்கள். கடைசி மாலையின் வட்டம் அந்த நிரலில் இருக்க வேண்டும். திரும்பிய முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் படமில்லாமல் ஒரு பக்கம் எழுதுவது இருக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தில், குதூகலம் வடிந்த பிறகு, ஒரு கூட்டம் இருக்க வேண்டும். அதில் போகாத பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். போன பிள்ளைகள் தாங்கள் முதல் வாரம் எழுதிய பக்கத்தைப் படித்து, இப்போது எதை மாற்றிச் சொல்வார்கள் என்று பேச வேண்டும். அரசுப் பணத்தில் போன பயணம் என்றால் வகுப்பில் போகாத நாற்பது பேருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை வாங்கும் இடம் இந்தக் கூட்டம்தான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு "நல்லா இருந்துச்சு" தவிர வேறு பதில் கிடையாது. அங்கே யாரோடு அதிக நேரம் பேசினாய், அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த நேரத்தில் உனக்குக் கூச்சமாக இருந்தது, அவர்கள் நம்மைப் பற்றி என்ன கேட்டார்கள், உனக்குப் பதில் தெரிந்ததா என்று கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். பதில் பாதியில் நின்றால் விடுங்கள். மறுநாள் அவளே வந்து மீதியைச் சொல்வாள்.

பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? அப்போதும் அனுப்புங்கள். ஐந்தாவது வாரக் கூட்டத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு, பாட்டியையும் நடுவில் உட்கார வைத்தால், மகள் அந்த ஒரு வாரத்தில் எவ்வளவு படித்தாள் என்பது உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.